பதினோரு நிமிடப் பூஜ்ஜியங்கள்

அந்த வீட்டில் இரண்டு டாக்டர்கள் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஊசி போடத் தெரியாது. தொற்றுக் காலத்தில் இது பெரிய மானக்கேடாகப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரர் முகக்கவசத்தோடு ஆறடி தள்ளி நின்று, "டாக்டர், ரெண்டு நாளா தொண்டை கரகரங்குது" என்பார். "நான் அந்த டாக்டர் இல்லீங்க" என்று கணவர் நெளிந்தால், அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "அப்ப அம்மாவாவது?" என்பார். அம்மாவும் அந்த டாக்டர் இல்லை. மனநல ஆய்வாளர். கரகரப்பால் மனசுக்கு எப்படி இருக்கிறது என்று வேண்டுமானால் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்துக்குள் ஒரு எண் கேட்டுக் குறித்துக்கொள்வாள்.

கணவர் வேதியியல் விஞ்ஞானி. பெரோவ்ஸ்கைட் என்ற பொருளைக் கண்ணாடித் துண்டுகள் மேல் மெல்லிய படலமாகப் பூசி, வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கப் பார்க்கிறவர். நன்றாக இருக்கும்வரை அந்தப் படலம் கறுப்பாக இருக்கும். கெட்டுப்போனால் மஞ்சள். இருபது வருடப் படிப்பின் சாரம் இவ்வளவுதான் என்று கல்யாண வீடுகளில் அவரே சொல்லிச் சிரிப்பதுண்டு. மற்றவர்கள் சிரித்ததில்லை.

ஊரடங்கு வந்த அன்று அவருடைய பன்னிரண்டு படலங்கள் பரிசோதனைக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தன. ஆயிரம் மணி நேரம் கறுப்பாகத் தாங்கினால் உலகம் திரும்பிப் பார்க்கும். உலகம் என்றால் இந்த வேலையே செய்கிற சுமார் நானூறு பேர். பெட்டிக்குள் ஈரம் புகக் கூடாது என்பதால் இரவு பகலாக நைட்ரஜன் ஓட வேண்டும். அதற்கு சிலிண்டர் மாற்ற ஓர் ஆள் வேண்டும். நிர்வாகம் ஒரே ஒருவருக்குத்தான் அனுமதி தந்தது. விஞ்ஞானிக்கு லேசாக ஆஸ்துமா. ஆகவே அவர் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். சிலிண்டரண்ணன் உள்ளே போனார்.

சிலிண்டரண்ணன் கூடத்தின் உதவியாளர். ஐம்பத்தாறு வயது. சிலிண்டரைச் சாய்த்து அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு வருவதில் ஊரில் அவரை அடிக்க ஆளில்லை. குழந்தையின் கையைப் பிடித்து நடத்துவது மாதிரி இருக்கும். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. போக வரப் பேருந்து இல்லாததால் இரண்டாவது மாடியிலேயே, பீரோக்களுக்கு நடுவில், ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார்.

தினமும் காலை பத்து மணிக்கு விஞ்ஞானி ஃபோன் செய்வார்.

"அண்ணே, கறுப்பா இருக்கா?"

"கறுப்பா இருக்கு சார்."

"பன்னெண்டும்?"

"பன்னெண்டும் சார்."

இவ்வளவுதான் பேச்சு. இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் மட்டும் அண்ணன் தாமாகவே ஃபோன் செய்தார்.

"சார், வீட்ல..."

"ஈரம் எவ்வளவு காட்டுது அண்ணே?"

அளவுமானியைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"புள்ளி நாலு சார்."

"பிரமாதம்! அப்படியே பாத்துக்கங்க. வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே? சரி சரி, இன்னொரு கால் வருது, வெச்சிடறேன்."

இந்த ஃபோனை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விஞ்ஞானி வைத்துக்கொள்ளவில்லை. உண்மையில் அன்றைக்கு இன்னொரு கால் வரவும் இல்லை.

அதே சமயம் சாப்பாட்டு மேசையின் மறுமுனையில் மனைவியின் வேலை நடந்தது. அடைந்து கிடக்கிற மனிதர்களுக்கு மனசு எப்படி இருக்கிறது என்பது அவள் ஆய்வு. வாரம் ஒரு தடவை, ஐந்து கேள்வி. நன்றாகத் தூங்கினீர்களா? சாப்பாடு ருசித்ததா? யாரிடமாவது பேசத் தோன்றியதா? எதிலாவது மனம் சென்றதா? நாளைக்கு என்று ஏதாவது எதிர்பார்த்தீர்களா? ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்துவரை ஓர் எண். கடைசியில் ஒரு காலிக் கட்டம்: வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா? பேர் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு ரகசியக் குறியீடு மட்டும். யார் என்று தேட மாட்டோம் என்று நெறிமுறைக் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஆள் சேர்க்கும்போது விஞ்ஞானியும் தம் பங்குக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அந்தப் படிவத்தை அனுப்பிவைத்தார். சிலிண்டரண்ணனுக்கும் போயிற்று. "வாரா வாரம் போட்டுடுங்க அண்ணே, நம்ம வீட்டு வேலை" என்று ஒரு குறிப்போடு.

ஐந்தாவது வாரம் முடிந்தபோது ஆயிரத்து நூற்று இருபத்தாறு பேர் சேர்ந்திருந்தார்கள். மனைவிக்கோ நாளுக்கு நான்கு கணினிக் கூட்டங்கள். வீட்டில் சும்மா இருந்தவர் ஒருவர்தான்.

"ஏங்க, அந்தப் பட்டியலைக் கொஞ்சம் சுத்தம் பண்ணித் தர்றீங்களா? அசட்டையா குத்தினவங்களை மட்டும் தூக்கிட்டா போதும்."

படிவம் வைத்து ஆய்வு செய்கிறவர்கள் எல்லோரும் பண்ணுகிற வேலைதான் இது. கேள்வியைப் படிக்காமலே மேலிருந்து கீழ்வரை ஒரே எண்ணைத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் எப்போதும் உண்டு. அவர்களை விட்டுவைத்தால் கணக்கு கோணலாகும். விஞ்ஞானி உற்சாகமாக உட்கார்ந்தார். ஐந்து வாரமும் ஐந்து கேள்விக்கும் ஒரே விடை போட்டவர்களைத் தூக்கு என்று ஒரு விதி. காலிக் கட்டத்தில் எண்கள் கலந்து கிடந்தால் அதையும் குப்பையில் போடு என்று இன்னொரு விதி. பொத்தானை அழுத்தினார். நாற்பத்தொரு பேர் போனார்கள். சராசரி மனநலம் இரண்டு புள்ளி ஒன்றிலிருந்து இரண்டு புள்ளி இரண்டாக ஏறியது.

"பாத்தியா, ஒரே தட்டுல ஊரே கொஞ்சம் சந்தோஷமாயிடுச்சு" என்றார்.

"உங்களுக்கு நோபல் பரிசுதான்" என்று அவள் காதில் மாட்டியிருந்த ஒலிவாங்கியைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

ஆனால் அவள் தூக்கிப் போட்டதையும் ஒரு தடவை பிரித்துப் பார்க்கிற ஜாதி. குப்பைக் கூடையில் கரண்டி போயிருக்கும் என்று தினமும் கையை விட்டுத் துழாவுகிறவள். மறுநாள் மதியம் மூன்று மணிக்கு, கூட்டம் ஒன்று ரத்தானதால், அந்த நாற்பத்தொன்றைத் திறந்தாள்.

"இங்க வாங்க."

குரல் சரியில்லை. விஞ்ஞானி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"இது நேரக் கட்டம். படிவத்தைத் திறந்ததுக்கும் முடிச்சதுக்கும் நடுவுல எவ்வளவு நேரம்னு காட்டும். இவன் பதினெட்டு நொடி. இவ இருபத்திரெண்டு நொடி. இது அசட்டை, சரி. இதைப் பாருங்க."

குறியீடு ஒன்று. ஐந்து வாரம். இருபத்தைந்து பூஜ்ஜியங்கள். நேரம்: பதினோரு நிமிடம், பத்து நிமிடம், பதினோரு நிமிடம், பன்னிரண்டு, பதினொன்று.

"கடனேன்னு குத்திட்டுப் போறவன் அஞ்சு கேள்விக்குப் பதினோரு நிமிஷம் உட்கார்ந்திருப்பானா?"

விஞ்ஞானி குனிந்து பார்த்தார். அவர் கண் பக்கத்துக் கட்டத்துக்குப் போயிருந்தது. அவருடைய இரண்டாம் விதி குப்பையில் போட்ட கட்டம். வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?

முதல் வாரம்: 'சிலிண்டர் 110. ஈரம் 0.4.'

இரண்டாவது: 'சிலிண்டர் 60. ஈரம் 0.4.'

மூன்றாவது: 'சிலிண்டர் 130. ஈரம் 0.4.'

"ஐயோ" என்றார். "இது நம்ம அண்ணன்."

"சொல்லாதீங்க!" என்று அவள் காதைப் பொத்தினாள். "யாருன்னு தேட மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நான் போடலையே."

"உங்ககிட்ட இதைக் கொடுத்ததே தப்பு..." என்றவள் நிறுத்திக்கொண்டாள். திரையில் நேற்றைய தேதி. இருபத்தைந்தாவது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில், இதுவரை இல்லாத நீளத்தில் ஒரு குறிப்பு: 'சிலிண்டர் 20. புதுசு மாட்டிட்டேன். 18 நாள் வரும். கடைசி 1 எங்கே இருக்கு, எப்படி மாட்டணும்னு பலகையில எழுதி வெச்சிருக்கேன். சாவி 3ம் டிராயர்ல.'

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு கையைக் காதிலிருந்து எடுத்தாள்.

"இது இன்னொருத்தர் மாட்டறதுக்கு எழுதினது. ஃபோன் பண்ணுங்க."

ஃபோன் மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி. மறுபடி.

"காலைல பத்து மணிக்குப் பேசினேனே" என்றார் விஞ்ஞானி. "கறுப்பா இருக்குன்னாரே."

"அவரு எப்படி இருக்காருன்னு கேட்டீங்களா?"

இப்படி ஒரு கேள்விக்கு ஒரு மனிதன் என்ன பதில் சொல்ல முடியுமோ அதை அவர் சொன்னார். அதாவது செருப்பைத் தேடினார்.

வீட்டில் இருந்தது ஒரு பழைய சைக்கிள். ஆஸ்துமா அதன்பாட்டுக்கு விசிலடிக்க மிதித்தார். தெருக்களில் கதவடைத்த கடைகள். ஒரு முடிதிருத்தும் நிலையத்தின் கண்ணாடிக்குள் காலி நாற்காலிகள் மூன்று, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. எதிர்காற்றில் முகக்கவசம் வாயோடு ஒட்டிக்கொண்டது. ஃபோனில் 'கறுப்பா இருக்கு சார்' என்ற குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். வார்த்தைகள் வந்தன. குரல் வரவில்லை. நாற்பது நாளாகத் தினமும் கேட்ட குரல்.

பாலத்தடியில் தடுப்பு வைத்து நின்ற போலீஸ்காரர் கம்பை நீட்டினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"ஒருத்தர்... ஃபோன் எடுக்கல."

"நாங்ககூடத்தான் எடுக்கறதில்ல. அனுமதிச் சீட்டு எங்க?"

விஞ்ஞானி அடையாள அட்டையை நீட்டினார். போலீஸ்காரர் பேருக்கு முன்னால் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"டாக்டரா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஆமா" என்றார்.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன சார்! போங்க, போங்க."

பரிசோதனைக் கூடத்தில் மின்தூக்கி வேலை செய்யவில்லை, படியேறினார். இரண்டாவது மாடியில் நடைபாதை முழுக்கக் கிருமிநாசினி வாடை. தரை பளபளவென்று இருந்தது. யாருமே நடக்காத தரையை யாரோ தினமும் துடைத்திருக்கிறார்கள். அறைக்குள் மடக்குக் கட்டில் மடக்கிச் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தது. போர்வை நான்காக மடிக்கப்பட்டு அதன் மேல். வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில், எண் போட்டு, சிலிண்டர் மாட்டும் முறை. ஏழாவது வரி: 'மரையை ரொம்ப முறுக்க வேண்டாம்.'

விஞ்ஞானி, "அண்ணே!" என்று கூப்பிட்டார். அப்போது கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் முக்காலி நகர்ந்த சத்தம்.

"சார்? நீங்க எதுக்கு சார் வந்தீங்க? உங்களுக்குத்தான் இழுப்பாச்சே."

சிலிண்டரண்ணன் உட்கார்ந்திருந்தார். தாடி நரைத்து வளர்ந்திருந்தது. சட்டை இரண்டு பேர் போடலாம் போலத் தொங்கியது. காலடியில் ஒரு பை, ஜிப் போட்டு மூடியது.

"ஃபோன்?"

"சத்தத்தை அணைச்சு டிராயர்ல போட்டேன் சார். சாவியோட."

விஞ்ஞானி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். எதிரே பெட்டி. இத்தனை வருடப் பழக்கம், கண் தானாகக் கண்ணாடிக்குள் போயிற்று. விளக்கின் கீழே பன்னிரண்டு சதுரங்கள். பன்னிரண்டும் மஞ்சள். ஓரத்தில் லேசாக அல்ல. மஞ்சள் பூசிய மாதிரி முழு மஞ்சள்.

"எப்ப ஆச்சு?" என்றார். கேட்டு முடித்ததும் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

"இருபது நாளாச்சு சார். கரண்ட் போயிருந்தது. நான் கவனிக்கல."

"தினமும் கறுப்புன்னு..."

"மஞ்சள்னு சொன்னா, சரி அண்ணே, மூடிட்டு வீட்டுக்குப் போங்கன்னு சொல்லியிருப்பீங்க." அண்ணன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வீட்ல இல்ல சார்."

"எங்க போயிருக்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடினார்.

"ஆஸ்பத்திரியில சேர்த்து நாலாம் நாள். உள்ள விடல. எரிச்சப்புறம் ஒரு சீட்டு கொடுத்தாங்க. அன்னைக்கு உங்களுக்கு ஃபோன் பண்ணினேன். நீங்க ஈரம் கேட்டீங்க."

அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அன்றைய அளவைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். விஞ்ஞானி ஆறுதல் வார்த்தை என்று மனசுக்குள் தேடியதில் கையில் கிடைத்தது, ஐந்து வாரமாகச் சாப்பாட்டு மேசையில் காதில் விழுந்து மனப்பாடமானது ஒன்றுதான்.

"நல்லா... தூங்கினீங்களா அண்ணே?"

"அதான் ஃபாரத்துல போட்டிருக்கேனே சார். பாக்கலியா?"

பார்த்தோம் என்று சொல்லியிருக்கலாம். பொய்கூட இல்லை.

"நான் அழிச்சிட்டேன் அண்ணே. எல்லாம் பூஜ்ஜியமா இருந்ததா, யாரோ படிக்காம குத்தியிருக்காங்கன்னு நெனச்சு... நான்தான்."

சிலிண்டரண்ணன் பையின் ஜிப்பைத் தடவிக்கொண்டிருந்தார். பெட்டியின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"யோசிச்சு யோசிச்சுத்தான் சார் போட்டேன்" என்றார் கடைசியில். "ஒண்ணுக்காவது ஒண்ணு போட முடியுமான்னு பாத்தேன். உங்க வீட்டம்மா கஷ்டப்பட்டுப் பண்றாங்க, எல்லாம் பூஜ்ஜியமா இருந்தா நல்லாவா இருக்கும்னு. ஆனா உண்மையா நிரப்புங்கன்னு மேல போட்டிருந்தது. ஃபோன்ல பொய் சொல்லிட்டேன். அதுலயும் எப்படி சார்..."

விஞ்ஞானி தரையில் உட்கார்ந்தார். ஆறடி விட்டுத்தான், அந்த அறிவு மட்டும் எப்படியோ போகவில்லை. முகக்கவசத்துக்குள் மூக்கு ஒழுகியது, துடைக்கவும் வழியில்லை.

"பலகையில எழுதினது யாருக்கு அண்ணே?"

"அடுத்த ஆளுக்கு."

"நீங்க எங்க போறதா இருந்தீங்க?"

அண்ணன் பையைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். விஞ்ஞானி பதிலுக்காகக் காத்திருந்தார். அவர் வாழ்க்கையில் குறுக்கே பேசாமல் காத்திருந்தது அதுதான் முதல் தடவை என்று அவர் மனைவி சத்தியம் செய்வாள்.

அவளே அப்போது ஃபோனில் வந்தாள். "இருக்காரா?"

"இருக்காரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு வழக்கமான அதிகாரக் குரல். "அவரைத் தனியா விடாதீங்க. ஒரு நிமிஷம்கூட. என் கூட வேலை செய்யற மனநல மருத்துவர்கிட்ட சொல்லியாச்சு, ஊசி போடத் தெரிஞ்ச நிஜ டாக்டர், ஆறு மணிக்குக் கூப்பிடுவார். அதுவரைக்கும் நீங்க பேசிட்டு இருங்க."

"நான் என்ன பேச?"

"பேச வேணாம். கேளுங்க."

கேட்டார். முதலில் ஒன்றும் வரவில்லை. அரை மணி கழித்து அண்ணன், பெட்டிக்குள் பார்த்தபடி, தாமாகவே ஒன்று கேட்டார்.

"இது திரும்ப கறுப்பாகுமா சார்?"

ஆகும் என்று சொல்லி முடித்திருந்தால் அழகாக இருந்திருக்கும். ஆனால் ஒரு பொய்யை நம்பித்தான் இருபது நாள் போயிருந்தது.

"சூடு பண்ணினா இந்த வகை ஆகும் அண்ணே. ஆனா நிக்காது. மறுபடியும் மஞ்சளாயிடும்."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தெரியல. ரெண்டு மணி நேரமோ, ரெண்டு நாளோ. இருபது நாள் மஞ்சளா கெடந்ததை யாரும் எடுத்துப் பாத்திருக்க மாட்டாங்க. கெட்டதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு பூசிக்குவோம்."

"பாக்கலாமா?"

"பாக்கலாம். ஆனா நான் தனியா முடியாது. எனக்கு இழுப்பு."

அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பலகைத் துடைப்பானை எடுத்தார். கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு வரியையும் அழிக்காமல் திரும்பக் கீழே வைத்துவிட்டார். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் கூப்பிட்டபோது ஃபோனை எடுத்தார். அவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. அதற்கு மேல் நடந்ததாகச் சொன்னால் அசட்டையாகக் குத்தியதாகும்.

விஞ்ஞானி முறைப்படி அனுமதிச் சீட்டு வாங்கி, பீரோக்களுக்கு மறுபக்கம் இன்னொரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டார். எதிர்வீட்டுக்காரரிடம், "டாக்டர் டியூட்டிக்குப் போயிருக்கார்" என்று மனைவி சொன்னாளாம்.

அடுத்த வாரம், ஆறாவதும் கடைசியுமான படிவங்கள் வந்தன. கணவர் தூக்கிப் போட்ட நாற்பத்தொரு பேரையும் அவள் பட்டியலில் திரும்பச் சேர்த்து, நேரக் கட்டத்தை வைத்துப் பிரித்திருந்தாள். இருபத்தேழு பேர் நிஜமாகவே அசட்டைதான். பதினான்கு பேர் அப்படி இல்லை. நிமிடக்கணக்கில் உட்கார்ந்து பூஜ்ஜியம் போட்டவர்கள். குழுவிடம் சண்டை போட்டு, அந்த வாரம் எல்லோருக்கும் போன படிவத்தின் தலையிலேயே, கொட்டை எழுத்தில், உதவி எண்ணோடு தன் சொந்த எண்ணையும் சேர்த்திருந்தாள்.

அந்தப் பதினான்கில் ஒரு குறியீடு பதின்மூன்று நிமிடம் எடுத்திருந்தது. நான்கு பூஜ்ஜியம். யாரிடமாவது பேசத் தோன்றியதா என்பதற்கு மட்டும் ஒன்று. காலிக் கட்டத்தில்: 'சிலிண்டர் 90. 6 மணி நேரம் கறுப்பு நின்னுச்சு. இப்ப மஞ்சள். சார் குறட்டை விடறார்.'

விஞ்ஞானியிடம் ஃபோனில் அதைப் படித்துக் காட்டவில்லை. இந்தத் தடவை கையெழுத்தை மதித்தாள்.

மற்ற பதின்மூன்று பேரும் யார் என்று தெரியாது. அவர்கள் யாரும் சிலிண்டர் கணக்கு எழுதவில்லை. ஒன்பது பேர் அந்த வாரமும் நிரப்பியிருந்தார்கள். எல்லாம் பூஜ்ஜியம்தான், ஆனாலும் இருந்தார்கள். அவள் கை கூப்பாத குறை. மீதி நான்கு பேரின் வரிகள் காலியாக இருந்தன.

கடைசி நாள் மதியம்வரை பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். ஃபோன் ஒரு தடவை அடித்தது. பாய்ந்து எடுத்தாள். தண்ணீர் கேன் எப்போது வரும் என்று யாரோ கேட்டார்கள். தப்பான எண் என்று சொல்லி வைத்துவிடாமல், "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். அந்த ஆள் பயந்துபோய் வைத்துவிட்டார்.

ஐந்து மணிக்குப் படிவம் தானாக மூடிக்கொண்டது. திரையில் ஒரு சின்னச் சதுரம் எழும்பி வந்து, விடை இல்லாத வரிகளை நீக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டது.

வேண்டாம் என்பதை அழுத்தினாள். நான்கு வரிகளும் அப்படியே இருந்தன. குறியீட்டைத் தவிர அவற்றில் வேறொன்றும் இல்லை.